பிங்கியின் சடையும் கதிரவெளிச் சுறா எண்ணெயும்

ஒரு வீட்டில் இரண்டு பேர் நேருக்கு நேர் பேசிக்கொள்ளாவிட்டால், நடுவில் அகப்பட்டவருக்குத்தான் வயிற்றைக் கலக்கும். எங்கள் வீட்டில் நடுவில் அகப்பட்டது ஒரு நாய். அதன் வயிற்றைக் கலக்கிய பெருமை அடியேனுடையது.

இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. கலியாண வீடோ செத்த வீடோ, எங்கே போனாலும் யாராவது ஒரு சொந்தக்காரர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "தம்பி, அந்த நாய்க்கு எண்ணெ குடுத்த கதையச் சொல்லுங்க" என்கிறார். (கேட்பவருக்குக் கதை முழுவதும் தெரியும். எந்த இடத்தில் நான் முழிக்கிறேன் என்று பார்க்கத்தான் கேட்கிறார்.) எழுதிவைத்துவிட்டால் இனிக் கேட்பவர்களிடம் இதை நீட்டிவிட்டு நான் என் சோற்றைப் பார்க்கலாம். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லவேண்டும். மட்டக்களப்பில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேருவார். வீடும் வளவும் பெண்ணுக்கு. நான் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரைக்காரன். ரஜனியைக் கலியாணம் முடித்து ஒரு சூட்கேசோடு அமிர்தகழிக்கு வந்தேன். அந்த வீட்டில் எனக்கென்று இருந்தவை அந்தச் சூட்கேசும் விறாந்தையில் ஒரு சாய்மனைக் கதிரையும்தான். கதிரையிலும் பகலில் நாய்தான் படுத்திருக்கும்.

இன்னொரு வழக்கம், மாமியும் மருமகனும் நேரே பேசிக்கொள்வதில்லை. கோபமென்று நினைக்கவேண்டாம், மரியாதை. இப்போது பல வீடுகளில் இது போய்விட்டது. எங்கள் மாமி பழைய கட்டு. நான் விறாந்தைக்கு வந்தால் அவர் குசினிக்குப் போய்விடுவார். ஏதும் சொல்லவேண்டுமென்றால் மகளிடம் சொல்வார், மகள் என்னிடம் சொல்வாள். ஆனால் ரஜனி வாகரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். விடிய பஸ் ஏறினால் பின்னேரம்தான் வருவாள். நானோ பக்கத்திலேயே ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞன், மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். அந்த நேரத்தில் மாமிக்கும் எனக்கும் தபால்காரர் பிங்கிதான்.

"பிங்கி, அவர் வந்திட்டார் போல. சோறு போட்டு மூடி வெச்சிரிக்கு எண்டு சொல்லு" என்று குசினிக்குள்ளிருந்து வரும். நாய் என்னைப் பார்க்கும். நான் நாயைப் பார்ப்பேன்.

"பிங்கி, மீன்குழம்பு நல்லாயிருக்கு எண்டு சொல்லு" என்பேன். உள்ளே ஒரு சட்டி மெல்லக் கழுவப்படும். மாமிக்குச் சந்தோசம் என்று அர்த்தம்.

சில நாட்களில், "பிங்கி, சில பேர் லைற்ற அணைக்காமப் படுக்கிறாங்க. கறண்டு பில் வானத்துக்குப் போகுது" என்று வரும். அந்தச் சில பேர் நான் ஒருவன்தான். இப்படியே ஐந்து வருடம் ஓடிவிட்டது. மாமியின் வாயிலிருந்து எனக்கென்று நேரே ஒரு சொல் வந்ததில்லை.

பிங்கி ஒரு சடை நாய். வெள்ளை நிறம், ஒரு தலையணை அளவு, அதில் முக்கால்வாசி முடி. மாமா உயிரோடிருந்தபோது கண்டியிலிருந்து ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தாராம். மாமா போய்ச் சேர்ந்த பிறகு மாமி சோறு திண்டதும் சிரித்ததும் அந்த நாயால்தான் என்று ரஜனி சொல்வாள். மாமி தினமும் விறாந்தைப் படியில் இருந்து அதன் சடையைச் சீப்பால் வாரிக்கொண்டே ஊர்க்கதை முழுவதும் அதற்குச் சொல்வார். மாமாவுக்குச் சொல்லவேண்டியதெல்லாம் அதற்குத்தான் போகிறது என்று எனக்கும் விளங்கும். அந்த நாய் அந்த வீட்டில் என்ன இடத்தில் இருந்தது என்பதும், நான் அதற்கு எத்தனை படி கீழே இருந்தேன் என்பதும் இதிலிருந்து உங்களுக்கும் விளங்கும்.

இப்படியிருக்க, லண்டனிலிருக்கும் இளைய மகளுக்குப் பிள்ளைப்பேறு என்று மாமி புறப்பட்டார். வான் வாசலில் நிற்கிறது. மாமி நாயைத் தூக்கி நெஞ்சோடு அணைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"பிங்கி, நான் வாற வரைக்கும் உன்ன அவர் பாத்துக்குவார். கவனமாப் பாப்பார்."

நான் தேசிய கீதத்துக்கு நிற்பதுபோல் நின்றேன். அதுவரை அந்த வீட்டில் ஒரு குமிழ் விளக்கு மாற்றக்கூட என்னிடம் சொன்னதில்லை. இப்போது வீட்டின் உயிரையே என் கையில் தந்துவிட்டுப் போகிறார். இதைச் சரியாகச் செய்தால் நான் இந்த வீட்டில் ஓர் ஆள். பிழைவிட்டால் காலம் முழுக்க அந்தச் 'சில பேர்'தான்.

ஆகவே பார்த்துக்கொண்டேன். பார்த்துக்கொண்ட விதம்தான் கேடு. வெள்ளை நாய் வெள்ளையாக இருக்கவேண்டும் என்று நினைத்து, தினமும் கிணற்றடியில் வைத்துக் குளிப்பாட்டினேன். என் வெள்ளைச் சேட்டுக்குப் போடும் அதே உடுப்புச் சவுக்காரம். சேட்டு வெளுத்தது, நாயும் வெளுக்கும் என்பது என் கணக்கு. கொஞ்ச நாளில் சடை தும்புத்தடியின் நார் மாதிரி விறைத்தது. பிறகு கொட்டத் தொடங்கியது. சாய்மனைக் கதிரையில் முடி, சோற்றுக் கோப்பையில் முடி, அலுவலகத்துக்குப் போனால் என் காற்சட்டையில் முடி.

மாமி லண்டனிலிருந்து வீடியோவில் கூப்பிடுவார். என்னோடோ மகளோடோ பேச அல்ல, பிங்கியோடு பேச. ரஜனி போனைப் பிடிப்பாள், நான் நாயைப் பிடிப்பேன். என் முகம் படத்தில் விழாதபடி பிடிப்பேன், அதுவும் மரியாதைதான். ஒரு நாள் மாமி நாயை உற்றுப் பார்த்தார்.

"என்ர குஞ்சு, உன்ர சடைக்கு என்ன நடந்த? மினுக்கமே இல்லையே. முதுகில பொட்டல் தெரியுது. ஆரும் உன்னப் பாக்கிறல்லையா?"

என் காது சுட்டது.

"இஞ்ச ஒரு வெள்ளக்காரப் பொம்புள தன்ட நாய்க்கு மீனெண்ணெ குடுக்கிறாவாம். ஒரு சொட்டு. சடை அப்பிடி மினுங்குதாம். உனக்கும் ஆராவது ஒரு சொட்டுக் குடுத்தா என்ன பிங்கி."

கதையின் முடிச்சு இங்கேதான் விழுந்தது. ஒரு கட்டளையை நாயிடம் சொன்னால் அதை நிறைவேற்றவேண்டியவர் யார்? எனக்குச் சந்தேகமே இல்லை. பிங்கியிடம் சொன்னதெல்லாம் ஐந்து வருடமாக எனக்குத்தான் வந்திருக்கிறது. இதுவும் எனக்குத்தான். ரஜனியிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. (அவளும் என்னிடம் பேசவில்லை. அது ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.)

அடுத்த கிழமை அலுவலக வேலையாகக் கதிரவெளிக்குப் போனேன். அங்கே கரையில் ஒரு மீனவர் தன் தோணிக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். சுறாவின் ஈரலை உருக்கி எடுத்த எண்ணெய். பூசினால் பலகை உளுத்துப்போகாது. மீனெண்ணெய் என்றால் இதைவிட மீனெண்ணெய் ஏது? கலப்படம் இல்லை, கடையில் கிடந்து பழசானதும் இல்லை. ஒரு போத்தல் கேட்டேன்.

"எத்தின அடித் தோணி?" என்று கேட்டார் அவர்.

"தோணிக்கில்ல, அண்ணன். முடி மினுங்க."

அவர் என் தலையைப் பார்த்தார். அங்கே மினுங்கியது முடியல்ல. "பலகைக்கெண்டா நான் பொறுப்பு. தலைக்கு எனக்குத் தெரியா" என்று சொல்லிப் பழைய சாராயப் போத்தல் ஒன்றில் வார்த்துத் தந்தார். நாய்க்குக் குடிக்கக் கொடுக்கப்போகிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போத்தலைப் பிடுங்கியிருப்பார்.

மாமி சொன்னது ஒரு சொட்டு. முதல் நாள் ஒரு சொட்டுத்தான் கொடுத்தேன், சத்தியமாக. மறுநாள் காலை நாயை வெயிலில் நிறுத்திப் பார்த்தேன். மினுக்கம் இல்லை. நான் அரசாங்க உத்தியோகத்தன், பொறுமை எனக்கு வேலையோடு வந்தது என்று நினைத்திருந்தேன். ஆனால் மாமி திரும்பும் நாள் நெருங்க நெருங்கப் பொறுமை எங்கோ போய்விட்டது. ஒரு சொட்டில் கொஞ்சம் மினுங்கும் என்றால் ஒரு தேக்கரண்டியில் பளபளக்காதா? காலையில் ஒரு கரண்டி, பின்னேரம் ஒரு கரண்டி. போதாதென்று அலுமாரியில் ரஜனி வைத்திருந்த இனிப்புக் குளிசையிலும் கை வைத்தேன். தலைமுடி வளரத் தின்னச் சொல்லித் தங்கச்சி லண்டனிலிருந்து அனுப்பியது. மனிசருக்கு முடி வளர்க்கும் குளிசை நாய்க்கு வளர்க்காதா என்ன. (இப்படியெல்லாம் யோசிக்க ஒரு தனி மூளை வேண்டும். எனக்கு அது இருந்தது.)

பிங்கி மறுப்புச் சொல்லவில்லை. சுறா எண்ணெய் என்றால் அதற்கு உயிர். கரண்டியை நக்கும், என் கையை நக்கும், தரையை நக்கும். நான் இதையெல்லாம் குணம் தெரிவதாக எடுத்துக்கொண்டேன்.

நாற்றத்தை மட்டும் ஒளிக்க முடியவில்லை. நாயிலும் அடித்தது, என்னிலும் அடித்தது. (ரஜனி மட்டும் ஏனென்று கேட்கவேயில்லை.) அமிர்தகழியில் உள்ள பூனையெல்லாம் எங்கள் மதிலில் வந்து குந்திவிட்டன. அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரன் காத்தான்குடி நசீர், என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டான்.

"மச்சான், நீ இப்ப மீன் யாவாரம் துவங்கிட்டியா?"

விசயத்தைச் சொன்னேன்.

"நாயப் பத்தி எனக்கு என்னத்தத் தெரியும். எண்டாலும் டொக்டருக்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"மீனெண்ணெய்க்கெல்லாம் டொக்டரா? அது மருந்தில்ல நசீர், சத்து."

"சத்தெண்டா எவ்வளவும் குடுக்கலாமா?" என்றான். நான் கோப்பு ஒன்றை எடுத்து மும்முரமாகப் புரட்டினேன்.

மாமி வரும் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வானில் வருகிறார், மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுவார். விடிந்ததிலிருந்து வீட்டைக் கழுவி, புதுத் திரைச்சீலை போட்டு, நாய்க்கு ஒரு சிவப்பு நாடாவும் கட்டினேன். நாடா கட்டும்போதே பிங்கி ஒரு மாதிரி நின்றது. முதுகு வளைந்திருந்தது. வயிற்றைத் தொட்டால் முனகியது. பிறகு வாந்தி எடுத்தது. திரும்பவும் எடுத்தது. பிறகு பின்பக்கமும் திறந்துகொண்டது. அதை எழுத்தில் விவரிக்கத் தேவையில்லை. எண்ணெய், வெறும் எண்ணெய். கழுவிய விறாந்தை, புதுத் திரைச்சீலை, சாய்மனைக் கதிரை, எதுவும் தப்பவில்லை.

ரஜனி ஓடிவந்தாள். "என்ன குடுத்தீங்க இதுக்கு?"

"ஒண்டுமில்ல. நீ ஏதும் குடுத்தியா?"

"நானா? நான் என்னத்தக் குடுக்க" என்று சொல்லிவிட்டு அவள் வாளி எடுக்கப் போனாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு களவாணிகள் ஒரே வீட்டைக் கொள்ளையடித்துவிட்டுக் குசினியில் சந்தித்ததுபோல் இருந்தோம்.

கொஞ்ச நேரத்தில் நாய் எழும்பமாட்டேன் என்று படுத்துவிட்டது. கூப்பிட்டால் காது மட்டும் அசைந்தது. எனக்கு அப்போதுதான் உண்மையான பயம் வந்தது. அதுவரை இருந்தது மாமிக்குப் பயம். இது வேறு. அந்தச் சின்ன உடம்பு என் கையில் சூடாக, கனமில்லாமல், ஈரத் துணிபோல் தொங்கியது. செத்துப்போனால் மாமி அந்த விறாந்தைப் படியில் இருந்து யாரோடு பேசுவார்? நாயைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

கல்லடிப் பாலத்துக்கு அப்பால் ஒரு மிருக வைத்தியர் வீட்டிலேயே பார்க்கிறார். ஆட்டோக்காரர்கள் இருவர் நாயின் நிலையைப் பார்த்து, மணத்தையும் பார்த்து, அப்படியே திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். நசீரிடம் ஒரு வான் இருந்தது. நாயின் எச்சிலும் ஈரமும் பட்டால் முஸ்லிம்கள் கழுவும் முறை ஒன்று உண்டு, ஏழு தரம், அதில் ஒரு தரம் மண் போட்டு. அது தெரிந்திருந்ததால் அவனைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இருந்தும் கேட்டேன்.

நசீர் உடனே வந்துவிட்டான். பின் சீற்றில் ஒரு பிளாஸ்டிக் பாயை விரித்தான். "வெச்சுக்கிட்டு ஏறு மச்சான். புறகு கழுவலாம். ஒரு சீவன்தானே" என்றான். நான் வானில் நன்றி சொல்ல வாய் திறந்தபோது பிங்கி பாயைத் தாண்டி வாந்தி எடுத்துவிட்டது. நசீர் கண்ணாடியில் பார்த்தான், கியரை மாற்றினான்.

வைத்தியர் இளம் பெண். சிரிக்காத முகம். நாயை மேசையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"சாப்பாட்டுக்குப் புறம்பா ஏதாவது குடுத்தீங்களா?"

"மீனெண்ணெய். ஒரு சொட்டு."

அவர் நாயின் வாயை மணந்து பார்த்தார். பிறகு என்னையும் தூரத்திலிருந்தே மணந்தார்.

"ஒரு சொட்டு?"

"சில நேரம் அரைக் கரண்டி வந்திருக்கும்."

"சில நேரம்?"

"காலையும் பின்னேரமும்."

"அரைக் கரண்டி?"

"நிரப்பித்தான்."

சந்தையில் விலை ஏறுவதுபோல் என் வாயிலிருந்து அளவு ஏறிக்கொண்டே போனது. சுறா ஈரல் என்றதும் எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டார். இனிப்புக் குளிசை என்றதும் முகம் மாறிவிட்டது. "அந்தப் போத்தலை உடனே கொண்டுவரச் சொல்லுங்க. சில இனிப்பு வகை நாய்க்கு நஞ்சு. எது போட்டிருக்கெண்டு நான் பாக்கவேணும்" என்றார். முன்னங்காலில் ஒரு பட்டை அளவு முடியை வழித்து, ஊசி குத்தி, சேலைன் ஏற்றினார். பிழைக்குமா என்று கேட்டேன். "சின்ன உடம்பு. பின்னேரம் வரைக்கும் பாப்பம்" என்றார். நான் ரஜனிக்கு போன் எடுத்துப் போத்தலைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, சுவரோடு ஒட்டியிருந்த வாங்குப் பலகையில் இருந்தேன். நசீர் எனக்கு ஒரு தேத்தண்ணி வாங்கித் தந்தான். அதைக் குடிக்காமல் ஆறவிட்டேன்.

வாசலில் வான் சத்தம் கேட்டது. நான் ரஜனியை எதிர்பார்த்தேன். இறங்கியது மாமி. வீட்டுக்கு வந்து, கேற்றடியில் நாய் ஓடிவராததைக் கண்டு, உள்ளே கிடந்த கோலத்தையும் பார்த்து, பெட்டிகளைக்கூட இறக்காமல் மகளையும் ஏற்றிக்கொண்டு நேரே வந்துவிட்டார். லண்டன் குளிருக்குப் போட்ட கம்பளிச் சட்டை இன்னும் உடம்பில் இருந்தது. வியர்த்துக் கொட்டியது.

நான் எழும்பி, வழக்கப்படி ஒதுங்கி நின்றேன். மாமி மேசைக்குப் போனார். நாயின் தலையைத் தடவினார். கையில் ஒரு கொத்து முடி வந்தது.

"பிங்கி" என்றார். "பிங்கி, அவருக்கிட்டக் கேளு…"

நாய் கண்ணைத் திறக்கவில்லை. மாமி காத்திருந்தார். ஐந்து வருடமாக அந்த வார்த்தைகளைக் கொண்டுபோய் என்னிடம் சேர்த்த ஆள் அசையாமல் கிடந்தது. மாமி மெல்லத் திரும்பினார். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"மருமகன், என்ன குடுத்தீங்க? எவ்வளவு குடுத்தீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். சொட்டு, கரண்டி, கதிரவெளி, குளிசை, கிணற்றடி, சவுக்காரம். வைத்தியர் கேட்டபோது பேரம் பேசிய வாய், மாமி கேட்டபோது ஒரு சொட்டும் ஒளிக்கவில்லை. "நீங்க சொன்னீங்களெண்டுதான் மாமி" என்று முடித்தேன்.

பின்னால் நின்ற ரஜனி அழத் தொடங்கினாள். "அம்மா, நானும் குடுத்தன். தங்கச்சி அனுப்பின மீனெண்ணெக் குளிசை. ஒவ்வொரு நாளும் சோத்துக்குள்ள வெச்சுக் குடுத்தன். நீங்க எனக்குத்தான் சொல்றீங்க எண்டு நினைச்சன்."

வைத்தியர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப ரெண்டு பேரும் குடுத்திருக்கீங்க. ஒருத்தருக்கொருத்தர் சொல்லல்ல. யார் குடுக்கச் சொன்னது?"

மாமி எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு நாயைப் பார்த்தார். "நான் நாய்க்கிட்டத்தானே சொன்னன்" என்றார், மிகவும் சின்னக் குரலில்.

நசீர் வெளியே போய்விட்டான். சிரிக்கத்தான் போனான் என்று பிறகு ஒப்புக்கொண்டான்.

வைத்தியர் ரஜனி கொண்டுவந்த இனிப்புக் குளிசைப் போத்தலைத் திருப்பித் திருப்பி வாசித்தார். அவர் பயந்த இனிப்பு வகை அதில் இல்லை. "தப்பினீங்க" என்றார். பிறகு எங்களை வாங்கில் வரிசையாக இருத்தி, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் சொன்னார். மீனெண்ணெய் வேறு, ஈரல் எண்ணெய் வேறு. ஈரல் எண்ணெயில் உள்ள சத்து உடம்பில் தேங்கி நஞ்சாகும். மீனெண்ணெயே என்றாலும் நாயின் நிறையைப் பார்த்துத்தான் அளவு. மிகக் குறைவாகத் தொடங்கவேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றுதான் கொடுக்கவேண்டும், கிழமைக்கணக்கில் பொறுக்கவேண்டும். ஒரே இரவில் சடை மினுங்காது. மனிசருக்குச் செய்ததை நாய்க்குக் கொடுக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் முதலில், சடை ஏன் மங்கியது என்று காட்டிக் கேட்கவேண்டும்.

"இதுக்கு எண்ணெயே தேவைப்பட்டிருக்காது" என்று என்னைப் பார்த்தார். "உடுப்புச் சவுக்காரத்த நிப்பாட்டியிருந்தாலே காணும்."

இந்த இடத்தில்தான் நான் முழிப்பேன். சொந்தக்காரர்கள் காத்திருப்பதும் இதற்குத்தான்.

பின்னேரமானது. வாவிப் பக்கமிருந்து காற்று வரத் தொடங்கியபோது பிங்கி தலையைத் தூக்கியது. மாமியின் கையை மணந்தது. பிறகு வாலை ஒரு தரம் மேசையில் தட்டியது. மாமி கம்பளிச் சட்டைக் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் அடக்க முடியவில்லை. "அழாதீங்க மருமகன், அதுக்குச் சுகம்" என்றார் மாமி. அது எனக்கென்று வந்த அடுத்த வசனம்.

சில நாட்கள் தினமும் கொண்டுபோய்க் காட்டினோம். நானும் நசீரும் அவன் வானை முறைப்படி ஏழு தரம் கழுவினோம். மண் பூசியது நான், தண்ணீர் ஊற்றியது அவன். "சத்தெண்டா எவ்வளவும் குடுக்கலாமா?" என்று ஒவ்வொரு வாளிக்கும் கேட்டான். நான் இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

கடைசியாகக் காட்டப் போன நாளில் வைத்தியர், தோல் ஆறிவிட்டது, இனி வேண்டுமென்றால் நாய்க்கென்று செய்த மீனெண்ணெய் கொஞ்சம் கொடுக்கலாம் என்று ஒரு சின்னப் போத்தலும் துளிக்குழாயும் தந்தார். "ஆனா ஒரு ஆள்தான் குடுக்கவேணும். யாரெண்டு இப்பவே முடிவெடுங்க" என்றார். ரஜனி தாயைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். மாமி போத்தலை வாங்கி என் கையில் வைத்தார்.

"நீங்க குடுங்க, மருமகன்."

"நானா மாமி?"

"ஓம். ரஜனி மறந்துபோவாள். நான் பாசத்தில ரெண்டு சொட்டுக் கூட விட்டிருவன். நீங்கதான் இனிப் பயத்தில கூடக் குடுக்கமாட்டீங்க."

அன்றிலிருந்து நான்தான் கொடுக்கிறேன். பிங்கிக்குச் சடை வந்துவிட்டது, முன்னைவிட நன்றாக. மாமி என்னோடு நேரே பேசுகிறார். நேரே என்றால், விடிந்ததிலிருந்து படுக்கும்வரை. லைற், கறண்டு பில், என் வயிறு, என் சேட்டுக் கொலர், தேங்காய் விலை. ஐந்து வருடமாகச் சேர்ந்து கிடந்ததெல்லாம் வருகிறது என்று ரஜனி சொல்கிறாள். நாய் கதிரையில் படுத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறது. அதன் வேலை எல்லாம் என் தலையில்.

கதை ஊருக்குப் போனது எப்படி என்று தெரியாது. நசீர்தான், வேறு யார். இப்போது இந்தக் குடும்பத்தில் எதை அளந்து ஊற்றவேண்டுமென்றாலும் என்னைத்தான் தேடுகிறார்கள். கலியாண வீட்டுப் பாயாசம், மோதகத்துக்குப் பாகு, பிள்ளைக்கு இருமல் மருந்து. "அளவுக்கு மருமகனக் கூப்பிடுங்க" என்று யாராவது சொல்வார்கள், பந்தல் முழுவதும் சிரிக்கும், அகப்பை என் கைக்கு வந்துவிடும். நான் அலுத்துப்போய் எல்லோருக்கும் ஒரே மட்டத்துக்கு ஊற்றிக்கொண்டு போவேன். போன மாதம் ரஜனியின் மச்சாள் கலியாணத்தில் ஒரு பெரியப்பா கோப்பையைத் தூக்கிப் பிடித்து, "என்ன தம்பி, நாய்க்குக் கரண்டி கணக்கில வார்த்தீங்களாம், எனக்கு மட்டும் பாயாசம் இவ்வளவுதானா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் அகப்பையை அவர் கோப்பைக்கு மேலே பிடித்தபடி நின்றேன்.

அடுத்த வரிசையிலிருந்து மாமியின் குரல் வந்தது. "அவர் அளந்தா அதுதான் அளவு, அத்தான். கதைக்காமக் குடிங்க."